ரெய்டில் லேப்டாப் போனால்: வட்டுக் குறியாக்கமும் ஹேஷ் மதிப்பும்

“என் லேப்டாப்புக்குத்தான் பாஸ்வேர்டு போட்டிருக்கிறேனே, யார் திறந்துவிட முடியும்?” என்று கேட்பவர்கள் நிறைய. போலீஸோ வருமான வரித்துறையோ அமலாக்கத் துறையோ ஒரு கணினியைக் கொண்டுபோனால், அந்த பாஸ்வேர்டை அங்கே யாரும் சீந்துவதில்லை. தடயவியல் ஆய்வகத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: லேப்டாப்பின் அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கையோ எஸ்எஸ்டியையோ தனியே எடுப்பார்கள். ரைட் பிளாக்கர் என்ற சிறு கருவி வழியாக அதைத் தங்கள் கணினியில் இணைப்பார்கள். அந்தக் கருவி படிக்க விடும், எழுத விடாது. பிறகு முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அச்சு அசலாக ஒரு நகல். இதில் எங்கேயும் உங்கள் விண்டோஸ் இயங்கவே இல்லை. இயங்காத விண்டோஸ் யாரிடம் பாஸ்வேர்டு கேட்கும்? வாசலில் பெரிய பூட்டுத் தொங்க, கொல்லைப்புறத்தில் சுவரே எழுப்பாத வீட்டுக்கு என்ன காவலோ அதே காவல்தான் இங்கும்.

நகலில் இருப்பது இப்போதைய கோப்புகள் மட்டுமல்ல. நீங்கள் அழித்துவிட்டதாக நினைத்தவற்றின் மிச்சம், பிரவுசர் வரலாறு, எந்த பென்டிரைவை எப்போது செருகினீர்கள் என்ற பதிவு, படங்களின் சிறு உருக்கள் எல்லாம் சேர்ந்தே போகும். வழக்கு ஒரு காசோலை பற்றியதாக இருக்கலாம். நகலில் உங்கள் மகளின் மருத்துவ அறிக்கையும் இருக்கும்.

இதைத் தடுக்கும் ஏற்பாட்டின் பெயர் வட்டுக் குறியாக்கம். பெயர் கொஞ்சம் மிரட்டும், விஷயம் எளிது. வட்டில் எழுதப்படும் ஒவ்வொரு துண்டுத் தகவலும் எழுதப்படுவதற்கு முன்பே ஒரு சாவியைக் கொண்டு உருக்குலைக்கப்படுகிறது. படிக்கும்போது அதே சாவியால் மீள்கிறது. சாவி என்பது நீங்கள் தட்டச்சு செய்யும் பாஸ்வேர்டு அல்ல, கணினி தானாக உருவாக்கிய பெரிய எண். அந்த எண்ணைப் பூட்டி வைப்பதற்குத்தான் உங்கள் பாஸ்வேர்டு. இதனால்தான் பாஸ்வேர்டை மாற்றினால் வட்டு முழுவதையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. சாவிக்குப் போட்ட பூட்டை மட்டும் மாற்றினால் போதும்.

256 பிட் சாவி என்றால் சாத்தியமான எண்களின் எண்ணிக்கை 78 இலக்கம் வரும். அதை ஒவ்வொன்றாக முயன்று பார்க்க எந்த அரசிடமும் கணினி இல்லை. பிரேசிலில் 2008-ல் டேனியல் டான்டாஸ் என்ற வங்கியாளரின் வீட்டில் போலீஸ் ஹார்டு டிஸ்க்குகளைக் கைப்பற்றியது. அவை ட்ரூகிரிப்ட் என்ற இலவச மென்பொருளால் பூட்டப்பட்டிருந்தன. உள்ளூர் நிபுணர்கள் மாதக்கணக்கில் முயன்றார்கள். பிறகு அமெரிக்காவின் எஃப்பிஐ ஓராண்டு முயன்றது. 2010-ல் வட்டுகள் அப்படியே திரும்பி வந்தன. காசு கொடுக்காமல் இறக்கிய மென்பொருள்!

ஆக, சாவியோடு யாரும் மோதுவதில்லை. மோதுவது உங்கள் பாஸ்வேர்டோடு. பெயரும் பிறந்த ஆண்டும் சேர்த்து வைத்திருந்தால் ஆய்வக மென்பொருள் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். தொடர்பில்லாத ஆறு சொற்களைச் சேர்த்து வைப்பது நல்ல வழி. முருங்கை, பித்தளை, சன்னல், நாவல், சக்கரம், உப்பு என்பதுபோல. (இதையே வைத்துவிடாதீர்கள்.) ஒரு சங்கடம் மட்டும் உண்டு. கணினி இயங்கத் தொடங்கும் முன் வரும் அந்தக் கறுப்புத் திரையில் பெரும்பாலும் ஆங்கில விசைப்பலகைதான் இருக்கும், தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்தில்தான் தமிழ்ச் சொல்லை அடிக்க வேண்டும். முருங்கைக்கு நடுவில் ‘யு’ போட்டோமா ‘ஐ’ போட்டோமா என்று ஆறு மாதம் கழித்து விழிக்காமல், எழுத்துக்கூட்டலையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். பாஸ்வேர்டு மறந்து, அதற்கு மாற்றாக எடுத்து வைக்கும் மீட்புச் சாவியும் இல்லாவிட்டால் உங்களுக்கும் கதவு திறக்காது. கடைக்காரரிடம் கொடுத்தாலும் வட்டை ஃபார்மட் செய்துதான் தர முடியும்.

எங்கே இருக்கிறது இந்த வசதி? மேக்கில் ஃபைல்வால்ட். உபுண்டு போன்ற லினக்ஸில் நிறுவும்போதே ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் லக்ஸ் (LUKS) என்ற குறியாக்கம் வந்துவிடும். விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லாக்கர், ஹோம் பதிப்பில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற அதன் தம்பி. பென்டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க் போன்றவற்றுக்கு வெராகிரிப்ட். 2014-ல் நிறுத்தப்பட்ட ட்ரூகிரிப்ட்டின் வழியில் வந்தது இது.

விண்டோஸ்காரர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியை அமைத்தால், வட்டு தானாகவே பூட்டப்படுவதோடு மீட்புச் சாவியின் ஒரு பிரதி அந்த நிறுவனத்தின் சர்வருக்கும் போய்விடுகிறது. பாஸ்வேர்டு மறப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் சட்டப்படியான உத்தரவோடு ஓர் அரசு கேட்டால், தன்னிடம் இருக்கும் சாவியை நிறுவனம் கொடுக்கத்தான் வேண்டும். திருட்டுப் பயம் மட்டும் இருப்பவர்கள் இதை அப்படியே விடலாம். செய்தியாளர், வழக்கறிஞர், மருத்துவர் போல அடுத்தவர் ரகசியத்தைச் சுமப்பவர்கள் மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டு வீட்டுக்கு வெளியே எங்காவது வைத்துவிட்டு, கணக்கிலிருந்து நீக்கிவிடுவதே சரி என்பது என் கருத்து. நிறுவனத்தை நம்பாமல் இருக்க விரும்பினால் சாவியையே புதிதாக மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

இனி பலரும் கோட்டை விடும் இடம். குறியாக்கம் காப்பது அணைத்து வைத்த கணினியை மட்டுமே. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது சாவி நினைவகத்தில் திறந்த நிலையில் இருக்கிறது. இல்லாவிட்டால் நீங்களே எதையும் படிக்க முடியாது. சில்க் ரோடு என்ற கள்ளச் சந்தைத் தளத்தை நடத்திய ராஸ் உல்பிரிக்ட்டை 2013 அக்டோபர் 1 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் கிளென் பார்க் நூலகத்தில் பிடித்தார்கள். அவருடைய லேப்டாப் குறியாக்கம் செய்யப்பட்டது, மூடினால் போச்சு என்பது எஃப்பிஐக்குத் தெரியும். அதனால் ஓர் ஆணும் பெண்ணும் அவருக்குப் பின்னால் நின்று சண்டை போடுவதுபோல நடித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்த அந்தக் கணத்தில் லேப்டாப்பை மூடவிடாமல் உருவிக்கொண்டார்கள். கணிதத்தால் முடியாததை ஒரு குழாயடிச் சண்டை முடித்துவைத்தது. அவர் செய்தது குற்றம், பிடிபட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் குறியாக்கத்தின் எல்லை எது என்று காட்ட இதைவிடத் தெளிவான சம்பவம் கிடையாது.

நம் ஊரில் லேப்டாப்பை யாரும் ஷட்டவுன் செய்வதில்லை, மூடியை மடக்கிவிட்டு எழுந்துவிடுவோம். மடக்கினால் அது தூங்கும்; தூக்கத்திலும் நினைவகத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், சாவியும் அங்கேயே இருக்கும். அணைத்த பிறகும்கூடச் சில நொடிகள், குளிர்வித்தால் இன்னும் கூடுதலாக, நினைவகத்தில் தகவல் தங்கும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் செய்து காட்டினார்கள். எனவே இரவு படுக்கும் முன் முழுமையாக அணைப்பது ஒன்றே பழக வேண்டிய பழக்கம். ரெய்டுகள் விடியற்காலையில் வருபவை என்பது செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். கைரேகை வைத்துத் திறக்கும் வசதி வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். பாஸ்வேர்டு மனதில் இருக்கிறது, விரல் வெளியே இருக்கிறது.

அந்த வேறுபாடு சட்டத்திலும் உண்டு. பாஸ்வேர்டைச் சொல்லச் சொல்லி அரசு கட்டாயப்படுத்த முடியுமா? அரசியலமைப்பின் 20(3)-ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல வற்புறுத்தக் கூடாது என்கிறது. கைரேகை, கையெழுத்து மாதிரி தருவது ‘சாட்சி சொல்வது’ ஆகாது என்று 1961-ல் காதி காலு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. மனதுக்குள் இருப்பதை மருந்து கொடுத்து வெளியே எடுக்கக் கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. பாஸ்வேர்டு இதில் எந்தப் பக்கம்? 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம், பாஸ்வேர்டைக் கொடுப்பது சாட்சியம் ஆகாது, நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றது. 2022-ல் டெல்லியின் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் நேரெதிராக, பாஸ்வேர்டைக் கேட்க முடியாது, விரலைக் கேட்கலாம் என்றது. 2023 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றமும் குற்றம் சாட்டப்பட்டவரைப் பாஸ்வேர்டு சொல்ல வற்புறுத்த முடியாது என்ற பக்கமே நின்றது. ஆக சென்னையில் ஒருவரிடம் கேட்டால் என்ன ஆகும் என்பது அவருடைய வக்கீலின் வாதத்தையும் நீதிபதியையும் பொறுத்தது.

இதற்கு வெளியே இரண்டு சட்டங்கள் தனியாக நிற்கின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின் கீழ், குறியாக்கத்தை அவிழ்க்க உதவ மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. ஆனால் அந்த உத்தரவு பொதுவாக மத்திய, மாநில உள்துறைச் செயலர் மட்டத்திலிருந்து எழுத்தில் வர வேண்டும். உள்ளூர் இன்ஸ்பெக்டர் வாய்மொழியாகக் கேட்பது 69 ஆகாது. மற்றது வருமான வரிச் சோதனை. 1961 சட்டத்தின் 132-ஆம் பிரிவே மின்னணுக் கணக்குகளைப் பார்க்க வசதி செய்து தரச் சொன்னது, மறுத்தால் 2 ஆண்டு வரை சிறை என்று இருந்தது. 2026 ஏப்ரல் 1-ஐ அமல் தேதியாகக் கொண்ட 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மின்னஞ்சல், கிளவுட், சமூக ஊடகம் எல்லாவற்றையும் ‘மெய்நிகர் டிஜிட்டல் வெளி’ என்று ஒரே பெயரில் அடக்கி, பாஸ்வேர்டு கிடைக்காவிட்டால் அதைத் தாண்டி உள்ளே நுழையும் அதிகாரத்தையும் தருகிறது. வியாபாரிகள் இதைத் தங்கள் ஆடிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

முறை தவறிய சோதனையில் கிடைத்த ஆதாரத்தை அமெரிக்க நீதிமன்றங்கள் பல சமயம் ஒதுக்கிவிடும். ஹாலிவுட் படம் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறார்கள். இங்கே அப்படியில்லை. சோதனை முறைகேடாக நடந்தது என்பதற்காக மட்டுமே ஆதாரத்தைத் தள்ள வேண்டியதில்லை என்று பூரன் மல் வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த பிறகு கள நிலவரம் மெல்ல நகர்கிறது. கோவையைச் சேர்ந்த லாட்டரி அதிபர் சான்டியாகோ மார்ட்டின் தொடர்பான இடங்களில் 2024 நவம்பரில் அமலாக்கத் துறை சோதனை போட்டுக் கைப்பற்றிய செல்போன், லேப்டாப்புகளின் உள்ளடக்கத்தைப் பார்க்கவோ நகலெடுக்கவோ கூடாது என்று டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போய்வர எல்லோரும் லாட்டரி அதிபர் அல்லவே.

இதுவரை சொன்னது படிக்கவிடாமல் தடுப்பது பற்றி. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று: உங்கள் கணினியில் இல்லாததை இருந்ததாகச் சொன்னால்?

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளிடையே வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சாமியின் கணினியை 2019 ஜூன் 12 அன்று புனே போலீஸ் கைப்பற்றியது. மகாராஷ்டிரத்தில் 2018-ல் நடந்த கலவரம் தொடர்பான பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில் என்ஐஏ அவரைக் கைது செய்தது. 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், விசாரணைக் கைதியாகவே மருத்துவமனையில் இறந்தார். அவர் கணினியின் நகலை ஆராய்ந்த ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்க ஆய்வகம் 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. யாரோ ஒருவர் 2014 முதல் தீநிரல் (மால்வேர்) வழியாக அந்தக் கணினிக்குள் நடமாடியதாகவும், வழக்கில் அவருக்கு எதிராகக் காட்டப்பட்ட ஆவணங்கள் அப்படித்தான் உள்ளே வைக்கப்பட்டன என்றும், அவற்றை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றும் அது சொன்னது. கைப்பற்றுவதற்கு முந்தைய நாள், ஜூன் 11 அன்று, ஊடுருவியவர் தன் தடயங்களை அவசர அவசரமாகத் துடைத்ததற்கான அறிகுறியும் கிடைத்ததாம். மறுநாள் போலீஸ் வரப்போவது அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? இது ஓர் ஆய்வகத்தின் முடிவு, விசாரணை அமைப்பு இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் வட்டு முழுக்கக் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தாலும் இது நடந்திருக்கும். தீநிரல் நுழைவது ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குள், பெரும்பாலும் தெரிந்தவர் பெயரில் வரும் ஒரு மின்னஞ்சல் இணைப்பாக. அங்கே எல்லாம் திறந்தே கிடக்கிறது. ஆகவே விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பதும், எதிர்பாராத இணைப்பைத் திறக்கும் முன் அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்பதும் குறியாக்கத்துக்கு இணையான காவல்.

கைப்பற்றிய பிறகு யாரும் கைவைக்காமல் இருக்க உதவுவது ஹேஷ் மதிப்பு. ஒரு கோப்பையோ முழு வட்டையோ ஷா-256 போன்ற ஒரு கணக்குக்குள் செலுத்தினால் 64 எழுத்துகள் கொண்ட ஒரு குறி வெளியே வரும். அதே தகவலுக்கு எத்தனை முறை போட்டாலும், எந்த ஊரில் போட்டாலும் அதே குறி. ஒரு டெராபைட் வட்டில் ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றினால்கூட அந்தக் குறியே தலைகீழாகிவிடும். நீங்களே பார்க்கலாம். நோட்பேடில் ‘வாடகை 8000’ என்று எழுதிச் சேமித்து, பவர்ஷெல்லில் ‘கெட் ஃபைல்ஹாஷ்’ (Get-FileHash) கட்டளையை ஓட்டுங்கள். பிறகு ஒரு பூஜ்யம் சேர்த்துச் சேமித்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டு குறிகளுக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது.

கைப்பற்றும் நேரத்தில் இந்தக் குறியை எடுத்து உங்களுக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டால், அதன் பிறகு அந்த நகலில் யாருக்கும் தெரியாமல் எதையும் நுழைக்கவோ எடுக்கவோ முடியாது. நுழைத்தால் நீதிமன்றத்தில் குறி பொருந்தாது. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழிலேயே ஹேஷ் மதிப்புக்கு இடம் விட்டிருக்கிறார்கள். 2023 அக்டோபர் 3 அன்று நியூஸ்கிளிக் என்ற இணையச் செய்தித் தளம் தொடர்பாகப் பல செய்தியாளர்களின் வீடுகளில் டெல்லி போலீஸ் சோதனை போட்டு லேப்டாப்புகளை அள்ளிச் சென்றபோது, ஹேஷ் தரவில்லை என்ற புகார் பெரிதாக எழுந்தது. அடுத்த சில வாரங்களில் ஊடகவியலாளர் அமைப்பு ஒன்றின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், நெறிமுறை வேண்டும் என்று அரசை நெருக்கியது. அதுவரை மத்திய அமைப்புகள் சிபிஐயின் 2020 கையேட்டைப் பின்பற்றும் என்று டிசம்பரில் அரசு உறுதி சொன்னது.

சோதனைக்கு வந்துவிட்டால் தடுக்காதீர்கள், வாக்குவாதமும் வேண்டாம். பார்க்க வேண்டியது காகிதத்தை. வாரண்ட் இருந்தால் படியுங்கள். வாரண்ட் இல்லாமல் போலீஸ் வந்தால், பிஎன்எஸ்எஸ் எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 185-ன்படி காரணத்தை அதிகாரி எழுதி வைத்திருக்க வேண்டும். 103-ன்படி அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சாட்சி. நம் பக்கம் பெரும்பாலும் விஏஓவைத்தான் அழைத்து வருவார்கள். 105-ன்படி சோதனை முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும், வெறும் செல்போனில் எடுத்தாலும் போதும். கைப்பற்றியதைப் பட்டியலிட்டுக் கடைசியில் எழுதும் மகஜரில்தான் கண் இருக்க வேண்டும். ‘கறுப்பு நிற லேப்டாப் ஒன்று’ என்று எழுதினால் கையெழுத்துப் போடும் முன் திருத்தச் சொல்லுங்கள். மாடல், சீரியல் எண், எடுக்கும்போது அணைந்திருந்ததா ஓடிக்கொண்டிருந்ததா, பென்டிரைவ்கள் எத்தனை, எந்த நேரம், ஹேஷ் எடுக்கப்பட்டதா, எடுக்காவிட்டால் உறையிட்டு முத்திரை வைக்கப்பட்டதா? இவ்வளவும் வர வேண்டும். பிரதி கேட்டு வாங்குங்கள். பாஸ்வேர்டு கேட்டால், வக்கீலைக் கலந்துகொண்டு எழுத்தில் பதில் தருகிறேன் என்று நிதானமாகச் சொல்லலாம். பொய்யான பாஸ்வேர்டு கொடுத்து விளையாட வேண்டாம்.

அதைவிட ஆபத்தான விளையாட்டு, ஆள் வருகிறது என்று தெரிந்ததும் கோப்புகளை அழிப்பது. ஆதாரமாகக் கேட்கப்படக்கூடிய மின்னணு ஆவணத்தை வேண்டுமென்றே அழிப்பது பிஎன்எஸ் எனும் தண்டனைச் சட்டத்தின் 241-ன்படி 3 ஆண்டு வரை தண்டனைக்குரிய தனிக் குற்றம். முதல் குற்றச்சாட்டு பொய்யாகவே இருந்தாலும் இது ஒட்டிக்கொள்ளும். குறியாக்கம் என்பது அமைதியான நாளில், எல்லோரும் செய்வதுபோலச் செய்து வைக்க வேண்டியது. அப்படிச் செய்வது இந்தியாவில் குற்றமில்லை.

வட்டைப் பூட்டிவிட்டு ஜிமெயிலை மறந்துவிடாதீர்கள். கிளவுடில் இருப்பதற்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டவே தேவையில்லை, நிறுவனத்துக்கு ஒரு உத்தரவு போனால் போதும். வாட்ஸ்அப்பின் பேக்கப்புக்கும் தனியாகக் குறியாக்கம் உண்டு, அமைப்புகளில் போய் நீங்கள்தான் இயக்க வேண்டும்.

குற்றப்பத்திரிகையில் பெயரே வராதவர்களின் கணினிகளும் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் மாலகானா எனும் கைப்பற்றிய பொருட்கள் அறையின் அலமாரியில் கிடக்கின்றன. அதற்குள் வியாபாரம் படுத்துவிடுகிறது, ஆராய்ச்சி மாணவரின் ஆய்வேடு நின்றுவிடுகிறது. கணினியைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போடலாம், நகல் எடுத்த பிறகு அசலைத் தரச் சொல்லியும் கேட்கலாம். தேதி மேல் தேதி விழும். ஆகவே வெராகிரிப்ட்டால் பூட்டிய ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதை வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வெளியே, நம்பகமான ஒருவரிடம் வையுங்கள். கணினி இருக்கும் மேஜை டிராயரிலேயே வைத்தால் இரண்டும் ஒரே மகஜரில் ஏறிப் போகும். மாதம் ஒருமுறை பிரதியைப் புதுப்பிக்கும்போது, வேறொரு கணினியில் செருகி ஒரு கோப்பாவது திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.